தம்பி நடித்த ‘ஆடிட்’

1

வெளிநாட்டில் எனக்கு மேடை கிடைப்பது அபூர்வம். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் நன்றியுரைக்குக் கூப்பிடுவார்கள். நான் மைக்கைப் பிடிக்கும் நேரத்தில் பந்தி ஆரம்பமாகியிருக்கும். நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவேன். அப்பேர்ப்பட்ட என்னை, ஜெர்மனியின் தேசியத் திரைவிழா ஒன்று, குறும்படத் திரையிடலில் ஒரு படத்தின் சார்பாக மேடையேறிப் பேசும்படி மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டது. ஆம்பூரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

படத்தை எடுத்தவன் என் தம்பி சேகரின் மகன் தினேஷ். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் செக்‌ஷனில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் இம்ரான் என்கிற தோஸ்தோடு கிளம்பிக் கல்யாண வீடியோ எடுப்பான். இரண்டு பேரும் சேர்ந்து ‘ஆடிட்’ என்று ஒரு பதினாலு நிமிடப் படம் எடுத்திருந்தார்கள். நடித்தவர்கள் எல்லாம் வீட்டு ஆட்கள், தெரு ஆட்கள். கதாநாயகன் சேகர். அதே கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கும் அவன், பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிறுத்தப்பட்டபோதே சிரித்துக் காரியத்தைக் கெடுத்தவன். அவன் கதாநாயகன் என்றால் படத்தின் தரம் எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் தேசியத் திரைவிழா தேர்வு செய்திருக்கிறதே, நம் ரத்தம் என்று பெருமையும் பட்டுக்கொண்டேன்.

தினேஷே வந்திருக்க வேண்டியது. விசா கிடைக்கவில்லை. சம்பளச் சீட்டு, கம்பெனி கடிதம், வீட்டுப் பத்திரம், விழாவின் அழைப்பு எல்லாம் கொடுத்தான். திரும்பிப் போவார் என்று நம்பிக்கை ஏற்படவில்லை என்று பதில் வந்தது. அவன் வரைந்து கொடுத்த ஷூக்கள் இங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றன. அவை திரும்பிப் போகுமா என்று எந்த அதிகாரியும் கவலைப்பட்டதில்லை. அப்படித் திரும்பிப் போவதும் சில உண்டு. அவற்றைத் திருப்பி அனுப்புகிறவன் நான்தான்.

2

என் உத்தியோகம் அதுதான். ஆம்பூரில் இருந்தவரை ஷூ பாஸாக வேண்டுமே என்று சாமிக்கு வேண்டிக்கொள்ளும் தரப்பரிசோதகன். இருபது வருடத்துக்கு மேலாக இங்கே, வாங்குகிற கம்பெனியின் பக்கம் உட்கார்ந்து, அதே ஷூவை ஃபெயில் ஆக்குகிற தரப்பரிசோதகன். வேலை ஒன்றுதான். நாற்காலிதான் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சம்பளமும் கூடவே போனது.

ஆடிட் என்றால் என்னவென்று ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டு பையர், அதாவது ஷூ வாங்குகிற கம்பெனியின் ஆள், கம்பெனியைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்ததும் முதலில் சுண்ணாம்பு வரும். பிறகு சிவப்பு வாளிகளில் புது மணல். சுவரில் முதலுதவிப் பெட்டி, அதற்குள் பிரிக்காத பஞ்சு. தரையில் மஞ்சள் அம்புக்குறி. வாசலில் நர்சரியில் இருந்து வாடகைக்கு வந்த குரோட்டன்ஸ். அன்று ஒரு நாள் மட்டும் எல்லார் முகத்திலும் மாஸ்க், எல்லார் கையிலும் கிளவுஸ். “இன்னா கேட்டாலும் சிரிங்க, மேனேஜர் பதில் சொல்லுவாரு” என்று சூப்பர்வைசர் பாடம் எடுப்பார். பையர் வருவார், இரண்டு முந்திரி சாப்பிடுவார், மேசை விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார், போய்விடுவார். கார் கேட்டைத் தாண்டியதும் ஒரு பையன் அட்டைப்பெட்டியோடு வந்து மாஸ்க்கையெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்வான். அன்று சாயந்திரம் கேன்டீனில் எல்லாரும் ஒரு டீ அதிகமாகக் குடிப்போம்.

இதைத்தான் தினேஷ் படமாக்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். விழாவின் கையேடும் அப்படித்தான் சொன்னது. ‘உலக வணிகச் சங்கிலியில் பிணைக்கப்பட்ட தென்னிந்தியத் தோல் நகரம் ஒன்றின் மௌனமான ஓலம்’ என்று போட்டிருந்தார்கள். ஓலத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் இந்த நாட்டில் யார்? பாலாறு, தோல் பதனிடும் குரோம், சுத்திகரிப்பு நிலையம், தோலின் எட்டு வகைக் குறைபாடுகள் என்று ஜெர்மன் மொழியில் ஒரு உரை தயாரித்தேன். சமையலறையில் நின்று வசந்தியிடம் படித்துக் காட்டினேன். என் மனைவி பாதியில் குக்கரைத் திறந்தாள். ஆவி அடங்கும்வரை காத்திருந்து மீதியைப் படித்தேன்.

முன்கூட்டியே படத்தைப் பார்த்துவிடலாம் என்று ஊருக்குப் போன் போட்டேன்.

“பெரிப்பா, லிங்க்க விழாக்காரங்க லாக் பண்ணிட்டாங்க” என்றான் தினேஷ்.

சேகர் போனை வாங்கினான். “பெரிய ஸ்கிரீன்லயே பாருண்ணா. ஆமா, நீதான் மேல ஏறிப் பேசணுமா? வேற ஆளே இல்லியா அங்க?”

“ஏன்டா, நான் பேசுனா இன்னா?”

“ஒண்ணும் இல்லண்ணா. உனக்கு எதுக்கு வீண் பேஜாரு, அதான்.”

தம்பிக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோய்ப் போனை வைத்தேன். சங்கத்தின் வாட்சப் குழுவில் அழைப்பு போட்டேன்: ‘நமது மண்ணின் படம், உங்கள் அண்ணனின் உரை, குடும்பத்துடன் வருக.’ எல்லாரும் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள்.

மகள் மீராவையும் கூப்பிட்டேன். அவள் வேறு நகரத்தில் படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் ‘வேணாம்’, ‘ஐயோ’, ‘அப்புறம்’ என்ற மூன்று வார்த்தைகள் என்பதும், அந்த மூன்றும் என்னிடம் பேசப் போதுமானவை என்பதும் என் கணக்கு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஆறு வருடம் காரில் கொண்டுபோய் விட்டதன் பலன். அவளோ, “டிக்கெட் எப்பவோ வாங்கிட்டேன்” என்று ஜெர்மனில் சொன்னாள். என்னைக் கேட்காமலே அவள் ஒரு இந்தியப் படத்துக்கு டிக்கெட் வாங்கியதை நான் அதிசயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

3

சனிக்கிழமை மத்தியானம். சங்கத்தார் முப்பது பேர், முகூர்த்தத்துக்கு வருவதைப் போல முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார்கள். குறும்படம் என்பது குறுகிய படம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதற்குள் இரண்டு படங்கள் முடிந்துபோயிருந்தன. ஒன்றில் ஒரு பெண்மணி ஒன்பது நிமிடம் ஏரியைப் பார்த்தாள். ஏரி கடைசிவரை ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது படம் முழுக்க இருட்டு. நடுவில் யாரோ இருமினார்கள், படத்திலா அரங்கத்திலா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் பலத்த கைதட்டல்.

அடுத்து ‘ஆடிட்’.

திரையில் எங்கள் தெரு. எங்கள் வீடு. என் தம்பி மனைவி கலா, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள். வாசலில் சிவப்பு வாளி, அதில் மணல். கூடத்துச் சுவரில் முதலுதவிப் பெட்டி. அடுக்களையில் இருந்து கொல்லைப்புறம்வரை மஞ்சள் அம்புக்குறி. பக்கத்து வீட்டு பாஷா பாய் குடும்பத் தலைவராக நடிக்கிறார், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, “இன்னா கேட்டாலும் சிரிக்கணும், தெர்தா?” என்று பாடம் எடுக்கிறார். அரங்கம் சிரித்தது. நானும் சத்தமாகச் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளரிடம், “வீட்டையே ஃபேக்டரியாகக் காட்டுகிறான் பாருங்கள், குறியீடு” என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

பிறகு மாடியில் ஒரு அறை கட்டுகிறார்கள். செங்கல், சிமெண்ட், டைல்ஸ். ஏசி வருகிறது. வெஸ்டர்ன் டாய்லெட் வருகிறது. அதில் முதல் தடவை தண்ணீர் இழுத்துவிடும்போது மொத்தக் குடும்பமும் சுற்றி நின்று பார்க்கிறது. தண்ணீர் சுழன்று இறங்கியதும் கலா கைதட்டுகிறாள். ஆடிட்டுக்கு வருகிறவர் ராத்திரி தங்குவதில்லையே, இதில் லாஜிக் இடிக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன். மேடையில் நாசூக்காகச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

கார் வந்து நின்றது. பையர் இறங்கினார்.

பையராக நடித்தவன் என் தம்பி. மார்புக்குக் குறுக்கே பை. ஒரு கையில் சானிடைசர், இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். உடம்பில், மூன்று வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது மறந்து விட்டுவந்த என்னுடைய சாம்பல் நிற ஜாக்கெட். வாசலில் நின்று மூச்சை இழுத்து, ஊரின் வாடையை முகர்ந்து, மூக்கின்மேல் கைக்குட்டையை வைத்தான். “ஓகே, ஓகே” என்று இரண்டு தடவை சொன்னான். கதவு விளிம்பைக் கட்டை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தான்.

“ஃபினிஷிங் பத்தல” என்றான்.

அரங்கத்தில் முதலில் வெடித்த சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. வசந்தியுடையது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு திரையில் நடந்ததை எந்த மனிதனும் தன் சங்கத்து ஆட்களோடு உட்கார்ந்து பார்க்கக் கூடாது. “எங்க ஊர்ல இப்டி கெடையாது” என்று அந்த ஆள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆரம்பித்தான். எந்த ஊரைச் சொல்கிறான் என்று பிள்ளைகள் விழித்தன, ஏனென்றால் அவன் ஊர் அதுதான். பிரியாணியில் “ஆயில் ஜாஸ்தி” என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். கத்திரிக்காயை மட்டும் ஒதுக்கி வைத்து அதையும் கடைசியில் சாப்பிட்டான். பெட்டியைத் திறந்து, ஆளுக்கு ஒன்று என்று சாக்லெட் கொடுத்து, கொடுத்ததை போட்டோ எடுத்துக்கொண்டான். செயலாளர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

“மேல ரூம் ரெடியா இருக்குண்ணா” என்கிறார் பாஷா பாய்.

“வேணாம் வேணாம். வேலூர்ல ஓட்டல் போட்டாச்சு. நெட்டு வேணும், மீட்டிங் இருக்கு.”

“ஒரு தடவ ஏறிப் பாத்துட்டாவது போண்ணா.”

“நெக்ஸ்ட் டைம்.”

கார் கிளம்பிப் போகிறது. குடும்பம் கேட் அருகே நிற்கிறது. கடைசியில் கலா கேட்கிறாள்: “போய்ட்டாரா?”

“போய்ட்டாரு.”

எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். சிவப்பு வாளியைப் பிள்ளைகள் கவிழ்த்து மணலில் விளையாட ஆரம்பிக்கிறார்கள். மிச்சமிருந்த பிரியாணி தேக்சாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள். புது அறையின் கதவு சாத்தப்படுகிறது. ஏசி ஓடும் சத்தம். உள்ளே இருந்து சிரிப்பு, தட்டுச் சத்தம், மறுபடி சிரிப்பு. வெளியே ஏசி பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. படம் முடிந்தது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நான் உட்கார்ந்திருந்தேன்.

என் தரப்பையும் நான் சொல்ல வேண்டும் அல்லவா? அந்தத் தடவை வேலூர் ஓட்டலில் தங்கியது வசந்தியின் முதுகு வலிக்காக. எனக்கு உண்மையிலேயே மீட்டிங் இருந்தது. மேலே ஏறி வரச் சொல்லிச் சேகர் கூப்பிட்டதும் உண்மைதான். புதுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டப்போகிறான் என்று நினைத்தேன். ஆம்பூரில் மாடிக்குக் கூட்டிப்போய் வேறு என்ன காட்டுவார்கள்? அறை கட்டியிருக்கிறோம், உனக்காகக் கட்டியிருக்கிறோம் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஏறியிருப்பேன். ஏறியிருப்பேனா? ஏறிக் கதவு விளிம்பைத் தடவியிருப்பேன். அதுவும் அவனுக்குத் தெரியும்போல.

4

மேடைக்கு அழைத்தார்கள். சட்டைப்பையில் என் உரை இருந்தது. நிகழ்ச்சியை நடத்திய பெண், இயக்குநரின் பெரியப்பா என்று என்னை அறிமுகப்படுத்தியதும் அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. திரையில் ஒரு பெரியப்பாவைப் பார்த்த சூட்டோடு இன்னொரு பெரியப்பாவைப் பார்க்கிறார்கள், பாவம். முன்வரிசையில் மீரா போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் சின்னதாக, நெருக்கியடித்துக்கொண்டு, ஊரில் எல்லாரும் தெரிந்தார்கள். சேகர் ஓரத்தில் பாதி முகமாக இருந்தான்.

முதல் கேள்வி கண்ணாடி போட்ட ஒருவரிடமிருந்து வந்தது: ஆற்றில் குரோமியம் கலப்பதைப் படம் ஏன் நேரடியாகக் காட்டவில்லை? அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. படத்தில் ஆறும் இல்லை, குரோமியமும் இல்லை என்ற உண்மை எங்கள் இருவரையும் தடுக்கவில்லை. என் உரையின் முதல் பாதியை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் திருப்தியோடு உட்கார்ந்தார்.

இரண்டாவதாக ஒரு கிழவர் எழுந்தார். “அந்த அண்ணன் மிகைப்படுத்தப்பட்ட பாத்திரமா? இல்லை, அப்படிப்பட்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா?”

முப்பது தமிழர்களும் என்னையே பார்த்தார்கள். இல்லை, கேலிக்காகச் செய்தது என்று ஒரு வரி சொன்னால் போதும். சங்கத்தில் என் நன்றியுரை பிழைத்துப்போகும். போனில் சேகரின் பாதி முகமும் காணாமல் போயிருந்தது.

“இருக்கிறார்கள்” என்றேன். “நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த அரங்கத்திலேயே கொஞ்சம் பேர் வந்திருக்கிறார்கள்.”

ஜெர்மானியர்கள் சிரித்தார்கள். தமிழர்கள் அவரவர் ஷூவைக் குனிந்து பார்த்தார்கள். செயலாளர் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கும் ஊரில் யாரோ ஒரு மாடி கட்டியிருப்பார்கள்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டது ஒரு இளம்பெண். சினிமா படிக்கிறவளாம். “அந்த மாடி அறை உண்மையான அறையா, படத்துக்காகப் போட்ட செட்டா?”

என் தம்பி வீடு. எனக்காகக் கட்டியதாகப் படம் காட்டும் அறை. அது இருக்கிறதா இல்லையா என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எனக்குத் தெரியாது. தோலின் எட்டு வகைக் குறைபாடுகளும் நாக்கு நுனியில் இருந்தன. அவமானமாக இருந்தது. அந்த ஒரு கணத்தில் வசந்தியின் முகத்தைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

மீரா எழுந்து நின்றாள். “உண்மையான அறைதான். நான் அங்கே தங்கியிருக்கிறேன்” என்று ஜெர்மனில் அரங்கத்துக்குச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நெஜம்தான்ப்பா. போன வருஷம் பெங்களூர் கல்யாணத்துக்குப் போனேன்ல, அப்டியே ஆம்பூர் போய்ட்டேன். ஒரு வாரம் அந்த ரூம்லதான் இருந்தேன். ஏசி கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி, மத்தபடி சூப்பரா இருக்கு.” நான் மைக்கை வாய்க்கருகே பிடித்தபடி நிற்பதைப் பார்த்து, “இன்னாப்பா இப்டி முழிக்கற?” என்றாள்.

சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் ஆறு வருடத்தில் கொடுக்காத தமிழ். பேசியது என் மகள், குரல் கலாவுடையது. படத்தின் கடைசியில் ஓடிய எழுத்துகளில் ‘வசன உதவி, ஆங்கிலத் துணையெழுத்து: மீரா’ என்று வந்திருக்கிறது. கைதட்டலில் நான் கவனிக்கவில்லை. ஜாக்கெட்டைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவள்தானாம். பிள்ளை கைவிட்டுப் போகிறாளே என்று இத்தனை நாள் சங்கத்தில் நான் புலம்பிய புலம்பல் என்ன! அவள் போன இடம் என் வீடு. எனக்குக் கோபம் வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமையாக இருந்தது.

5

பரிசு ஏரிக்குப் போனது. ‘ஆடிட்’டுக்குச் சிறப்புப் பாராட்டு என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் தினேஷ் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள், அதையும் நான்தான் கண்டுபிடித்தேன்.

கூட்டம் கலைந்தபின் வராந்தாவில் மீராவின் போனை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போனேன். மறுமுனையில் தினேஷ், “பெரிப்பா, சாரி பெரிப்பா” என்று ஆரம்பித்து, போனை அப்பாவிடம் தள்ளிவிட்டான்.

“அண்ணா” என்றான் சேகர். “கோவமா?”

“நான் அவ்ளோ மோசமாடா?”

“சேச்சே.” அவன் அவசரமாகச் சொன்னான். “நான் கம்மி பண்ணிதான்ணா நடிச்சேன். பையன் எழுதுனது இதவிட ஜாஸ்தி.”

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அந்தப் பள்ளிக்கூட மரத்தின் சிரிப்பு, கொஞ்சமும் மாறவில்லை. சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. விழாவின் விளம்பரத் தட்டியைப் படிக்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

“எதுக்குடா படம் எடுத்துச் சொல்லணும்? போன்ல சொல்லியிருக்கலாம்ல?”

“போன்ல நீதான்ணா பேசுவ. நாங்க எங்க பேசறது?”

கலா பின்னாலிருந்து சாப்பிட்டாரா கேளு என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். பிறகு, கூச்சத்தை விட்டுவிட்டுக் கேட்டேன்.

“சேகரு, டிசம்பர்ல வர்றேன். ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு வர்றேன். அந்த ரூம்லயே தங்கறேன்டா.”

சேகர் கலாவைத் திரும்பிப் பார்த்தான்.

“அது வந்துண்ணா… அந்த ரூம்ல இப்ப பசங்க ஆபீஸ் போட்டுட்டாங்க. படம் செலக்ட் ஆனதுலருந்து கல்யாண ஆர்டரு நெறய வருது. கம்ப்யூட்டரு, லைட்டு, வயருன்னு கால் வெக்க எடம் இல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “நீ தப்பா எடுத்துக்காதண்ணா. வேலூர்ல நல்ல ஓட்டலா பாத்து சொல்லி வெக்கட்டுமா?”